மருதவிளைப் பெண்களின் பை

கொல்லாமரங்கள் பூ உதிர்த்துப் பிஞ்சு பிடிக்கிற மாசி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை விடியலில், மருதவிளைப் பெண்களின் உடுப்புகளில் பை முளைத்தது. சேலை கட்டியவளுக்குச் சேலையில், முண்டும் ஜம்பரும் போட்டவளுக்கு முண்டில், பாவாடைக்காரிக்குப் பாவாடையில், வயசுக்கு வந்த எவளும் விடுபடாமல், கையைச் சும்மா தொங்கவிட்டால் விரல்நுனி எங்கே படுமோ அங்கே, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக முளைத்தது. தையல் இல்லை, ஒட்டு இல்லை, நூல் முடிச்சு இல்லை. துணியின் இழையே ஓரிடத்தில் வாய் திறந்து உள்பக்கமாக இறங்கியிருந்தது. கிணற்றடியில் குளித்து வேறு சேலை மாற்றியவர்களுக்கு அந்த வேறு சேலையிலும் இருந்தது. கொடியில் கிடக்கும்வரை அது வெறும் சேலை, இடுப்பைச் சுற்றி வந்ததும் பை வைத்த சேலை.

எப்சிபாய்க்கு அது தெரிந்தது அடுப்படியில். கஞ்சிக்கலத்தை இறக்கக் குனிந்தபோது முழங்கை எதிலோ மாட்டி வழுக்கியது. தடவிப் பார்த்தாள். பை. எவளோ விளையாட்டுக்குத் தைத்துவிட்டாள் என்று நினைத்தாள், அப்படி விளையாடுகிற சினேகிதி தனக்கு யாரும் இல்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. உள்ளே கையை விடவில்லை. அண்டி ஆபீஸ் சங்கு ஊதிவிட்டது. கட்டிலில் படுத்திருந்த புருஷன் செல்லையனுக்குக் கஞ்சியை மூடிவைத்துவிட்டு ஓடினாள்.

முந்திரிமரத்துக்கு அந்தப் பக்கத்தில் கொல்லாமரம் என்றும், அதன் கொட்டைக்கு அண்டி என்றும் பெயர், அதை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கிற கொட்டகைக்கு ஆபீஸ் என்று பெயர். மருதவிளையில் ஞானாபரணம் முதலாளியின் அண்டி ஆபீஸ்தான் எல்லாம். ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான் வறுத்த கொட்டையைக் கட்டையில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி உடைத்தார்கள். ஓட்டுக்குள்ளிருந்து வரும் எண்ணெய் தோலைச் சுட்டு, உள்ளங்கை கறுத்து, கருமை நகக்கண்ணுக்குள் இறங்கி, கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் அண்டி ஆபீஸ்காரியின் கை எதுவென்று யாரும் சொல்லிவிடலாம். எப்சிபாயின் கை மட்டும் வெளுத்திருந்தது. அவள் கொட்டை உடைக்கவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியதும் வாசலுக்குப் பக்கத்தில், பனையோலைத் தட்டி வைத்து மறைத்த இடத்தில் நின்று, வெளியே போகிற ஒவ்வொரு பெண்ணையும் தடவிப் பார்ப்பது அவள் வேலை. கொண்டையைக் கலைத்து, முந்தானையை உதறி, மடியை அவிழ்த்து, ஜம்பருக்குள் விரலை விட்டு, இடுப்பைச் சுற்றிக் கை ஓட்டி, எவளாவது ஒரு பருப்பை ஒளித்துக்கொண்டு போகிறாளா என்று பார்க்க வேண்டும். ஊரில் அவளுக்குச் சோதனைக்காரி என்று பெயர்.

அந்தக் கைகளுக்கு ஊரின் உடம்பெல்லாம் தெரியும். எவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்று அவளுடைய புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தக் கைகளுக்குத் தெரிந்தது. எவள் முதுகில் அடி வீங்கியிருக்கிறது, எவள் ஒருவேளைச் சோறோடு இருக்கிறாள், எவளுக்கு முலையில் கட்டி, எல்லாம் தெரிந்தது. தெரிந்ததை அவள் எவரிடமும் சொன்னதில்லை. அதற்காக அவளை யாரும் மதித்ததும் இல்லை. தட்டிக்குள் வருகிற பெண்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், முடிந்ததும் முகத்தைத் திருப்பாமலே போவார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் முதலில் வந்தவள் தாசம்மை. உடைப்புக்காரிகளில் மூத்தவள், வாய் பெரிய மனுஷி. எப்சிபாய் வழக்கம்போல மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே வந்ததும் பையின் வாய் விரலில் பட்டது. உள்ளே விடப் பார்த்தாள். போகவில்லை. சுவரில் வரைந்த கதவைத் திறக்கப் பார்த்ததுபோல, வாய் இருந்தது, வழி இல்லை. விரல் துணிமேல் சறுக்கிக்கொண்டு போனது.

தாசம்மை முதல்தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னட்டி, கை போவேலியா?" என்று கேட்டுவிட்டுத் தன்னுடைய கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள், வெளியே எடுத்தாள், மறுபடியும் விட்டாள். "எனக்குப் போவுது பாத்துக்கோ."

அன்றைக்குக் கடைசிப் பெண் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. உரியவளின் கைக்கு மட்டும் அது பை, பிறத்தியார் கைக்கு அது வெறும் துணி. உள்ளே எது இருந்தாலும் வெளியே புடைப்புத் தெரியவில்லை. கடைசிப் பெண்ணும் போனபிறகு எப்சிபாய் மேனேஜர் வில்சனிடம் போய், "பையில கை போவல்ல சார்" என்றாள். மேனேஜர் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டே, "யாருக்க பையில?" என்றார். "எல்லாருக்கும்" என்றாள். தனக்கும் என்று சொல்லவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் தையல்காரர் மரியானைக் கூப்பிட்டுக் காட்டியது. அவர் தன்னுடைய மனைவி கட்டியிருந்த சேலையை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, "இது ஊசி போன வழி இல்ல" என்று சொன்னார். சொன்ன பிறகு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை காலம் தைத்திருக்கிறேனே, ஒருத்திகூட எனக்கு ஒரு பை வைத்துக் கொடு என்று கேட்கவில்லையே என்றார். அதற்கு மனைவி, "கேட்டிருந்தா வச்சிருப்பியளாக்கும்?" என்று கேட்டாள். மரியான் யோசித்துப் பார்த்து, வைத்திருக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார்.

அதுவரைக்கும் மருதவிளைப் பெண்கள் தங்களுடையதை எங்கே வைத்திருந்தார்கள்? முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள், இடுப்பில் சொருகினார்கள், ஜம்பருக்குள் சுருக்குப்பையை ஒளித்தார்கள், அரிசிப்பானைக்கு அடியில் புதைத்தார்கள், கொண்டைக்குள் குத்தினார்கள், வாயில் கவ்வினார்கள். எங்கே வைத்தாலும் அது உடம்போடு ஒட்டிய இடம், உடம்பைத் தொடுகிறவன் தொட்டுவிடலாம். ஆண்களுக்கோ சட்டையில் பை, கால்சட்டையில் பை, வேட்டி கட்டியவனுக்கு உள்ளே போட்டிருந்த பட்டாபட்டி நிக்கரில்கூடப் பை. ஞானாபரணம் முதலாளியின் வெள்ளைச் சட்டையில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு பை இருந்தன. அந்த நாலிலும் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாரும் கேட்டதில்லை.

சபைப் போதகர் ஞாயிற்றுக்கிழமை இதைப்பற்றிப் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது, எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனைபேரும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு பிரசங்கம் கேட்டார்கள். அவர் படித்த மனிதர். முன்காலத்தில் வெள்ளைக்கார நாட்டுப் பெண்களும் பாவாடைக்குள்ளே தனிப்பை ஒன்றை இடுப்பில் நாடாவால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் என்றும், திருடர்கள் நாடாவை அறுத்துப் பையோடு ஓடினார்கள் என்றும், பிற்பாடு உடுப்பு ஒடுங்கி மெலிந்தபோது அந்தப் பை காணாமல் போய், ஆண்களுக்கு மட்டும் நின்றுவிட்டது என்றும், அவர்கள் அதைக் குறித்து முறையிடவில்லை என்றும் சொல்லி, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று முடித்தார்.

"காணாம போனது எங்க வந்து கெடக்குன்னு இப்ப தெரிஞ்சுபோச்சுல்லா" என்று தாசம்மை பெஞ்சிலிருந்து சொன்னது போதகருக்கும் கேட்டது.

புருஷன்மார் பாடுதான் பெரும்பாடாக இருந்தது. ஒருவன் மிக்சர் வாங்கிக்கொடுத்துக் கேட்டான், ஒருவன் பிள்ளைமேல் சத்தியம் வைத்துக் கேட்டான், ஒருவன் அவள் தூங்கும்போது கையைவிடப் பார்த்து, விரல் சறுக்கி, கட்டிலிலிருந்து விழுந்து தோளை உளுக்கிக்கொண்டான். எப்படி விழுந்தாய் என்று கேட்ட வைத்தியரிடம், தூக்கத்தில் உருண்டுவிட்டேன் என்றான். அப்படி என்னதான் வைத்தார்கள்? சொன்னவர்கள் சிலபேர். ஒருத்தி மகனுக்கு விழுந்த பாற்பல்லை வைத்திருந்தாள். ஒருத்தி உப்பும் மிளகாய்ப்பொடியும் புரட்டிய மாங்காய்க்கீற்றை வைத்து, வேலைக்கு நடுவில் ஒரு கடி கடித்துக்கொண்டாள், அது நனையவும் இல்லை ஊசவும் இல்லை. இறந்துபோன தங்கச்சியின் ரிப்பன் ஒருத்தியிடம் இருந்தது. பெரும்பாலானவர்கள் ஒன்றுமே வைக்கவில்லை, கையை மட்டும் வைத்தார்கள். சூடுபட்டுக் கறுத்து, எங்கே போனாலும் சேலைக்கு அடியில் ஒளித்துக்கொண்டே நடந்த அந்தக் கைகளுக்குப் போய் இருக்க ஓர் இடம் கிடைத்திருந்தது.

ஆண்களைத் தொந்தரவு செய்தது உள்ளே இருந்த பொருள்கூட இல்லை, பெண்கள் நின்ற நிற்பு. ரேஷன் கடை வரிசையில், பஸ் ஸ்டாப்பில், பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு, தோளை லேசாகப் பின்னுக்குத் தள்ளி, ஒரு காலில் கனம் வைத்துப் பெண்கள் நின்றார்கள். அப்படி நிற்கிறவளிடம் போய் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் சொல்கிறவனுக்கு வாய் குழறியது. பெரியவர்கள் கூடி, ஆண்பிள்ளைகள் எதிரே வரும்போது பெண்கள் கையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். தீர்மானத்தை டீக்கடைத் தூணில் ஒட்டினார்கள். பெண்கள் தூணுக்கு முன்னால் நின்று, கையை எடுக்காமலே, அதை முழுக்கப் படித்துவிட்டுப் போனார்கள்.

எப்சிபாய் மட்டும் தன் பைக்குள் கையை விடவில்லை. நடக்கும்போது கை தானாக அங்கே போகும், பிடித்து இழுத்துக்கொள்வாள். பிறத்தியார் உடம்பெல்லாம் ஓடிய கைக்கு இது எதற்கு என்று இருந்தது.

ஞானாபரணம் முதலாளி கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுப்பார், ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கொடுப்பார். ஆனால் தன் கண்ணுக்குப் படாத ஓர் இடம் தன் மதிலுக்குள் இருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆபீஸிலிருந்து பருப்பெல்லாம் அந்த ஓட்டைகள் வழியாக ஒழுகிக்கொண்டிருப்பதாகக் கண்ணை மூடினால் தெரிந்தது. முதலில், பையைக் கத்தரித்துவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும் என்றார். கத்தரித்தார்கள், சேலையில் ஓட்டை விழுந்தது, ஓட்டைக்கு ஒட்டுப்போட்டுக் கட்டியபோது ஒட்டுத்துணியில் பை இருந்தது. அப்புறம் நாகர்கோவிலிலிருந்து காக்கித்துணி வரவழைத்து, எல்லாரும் ஆபீஸுக்குள் அதைத்தான் கட்டவேண்டும் என்றார். மேனேஜர் ஒவ்வொரு துண்டாகத் தட்டிப்பார்த்துக் கொடுத்தார், பெண்கள் இடுப்பைச் சுற்றி முடிந்த நிமிஷத்தில் காக்கியில் பை வாய் திறந்தது. காக்கி கனத்த துணி, அதில் பை இன்னும் நன்றாக நின்றது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக அவர் ஒரு கொட்டகை கட்டினார். வாசலை ஒட்டி, தகரக்கூரை போட்டு, ஒரு வழி உள்ளே ஒரு வழி வெளியே. வாசலில் சோதனையைப் பற்றி ஒரு போர்டும் எழுதி மாட்டச்சொன்னார்.

எப்சிபாயைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து ஒவ்வொருத்தியும் இதுக்குள்ள வந்து எல்லாத்தையும் கழத்தி உதறிப்போட்டு, வெறுங்கையா அந்தப்பக்கம் போயி வேற துணி உடுத்திக்கிடணும். நீ நின்னு பாக்கணும். பொம்பளைக்குப் பொம்பளைதானே, என்ன?" என்றார்.

"எல்லாத்தையுமா மொதலாளி?"

"எல்லாத்தையும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள். ஆனால் சேதி அவளுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட சேதி சீக்கிரம் போகும், ஏனென்றால் நூறு வருஷத்துக்கும் முந்திய காலத்தில், அங்கே பல சாதிப் பெண்கள் தோளில் துணி போடக்கூடாது என்று ராஜ்ஜியமே சொல்லியிருந்தது. போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களின் சட்டையை ஆள்கூட்டம் பார்க்கக் கிழித்தார்கள். கிழித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், கிழிபட்டவர்கள் மறுபடியும் தைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த சந்தைக்கும் போனார்கள். போய்ப்போய்த்தான் அந்தத் துணி தோளில் நின்றது. மருதவிளையில் எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை, எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எப்சிபாய் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். செல்லையன் ரப்பர் மரம் வெட்டப்போய்க் காலை ஒடித்துக்கொண்டு கிடையில் கிடந்தவன், அவன்தான் உள்ளேயிருந்து கேட்டான்.

"நாளைக்குப் போவியா?"

"போவாம? கஞ்சி யாரு ஊத்துவா?"

"நாங் கேட்டது அதில்ல பிள்ளே."

அவளுடைய கை தானாக அங்கே போனது, இந்தத் தடவை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. விரல் போனது, மணிக்கட்டு போனது, முழங்கைவரை போயும் அடி வரவில்லை. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. யாருடைய எலும்பும் தட்டவில்லை, யாருடைய பயமும் விரலில் ஒட்டவில்லை, வெட்கத்தில் இறுகிய எந்தச் சதையும் அங்கே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கை ஒன்றையும் தேடாமல் ஓரிடத்தில் இருப்பது அதுதான் முதல்தடவை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"என்ன இருக்கு அதுல?" என்றான் செல்லையன்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்?"

"என் கை இருக்கு" என்றாள் எப்சிபாய்.

மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதியது. பெண்கள் கட்டையைவிட்டு எழுந்து வரிசையாக வந்து நின்றார்கள். வழக்கமாகச் சங்கு ஊதினால் பேச்சும் இரைச்சலுமாக ஆபீஸ் கலையும், அன்றைக்குக் கையில் புரட்டிய சாம்பலை உதறுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாசலை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஞானாபரணம் முதலாளியே நின்றார், அவருக்கு ஒருபடி பின்னால் மேனேஜர் வில்சன். கொட்டகை வாசலில் எப்சிபாய். வரிசையில் முன்னால் நின்றவள் ரோஸ்லெட், கல்யாணமாகி ஆபீஸுக்கு வந்து சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு நின்றாள். நாலு மாதம் என்று எப்சிபாயின் கைகளுக்குத் தெரியும்.

"என்ன நிக்குத? உள்ள கூட்டிட்டுப் போ" என்றார் முதலாளி.

எப்சிபாய் வலது கையை வலப்பக்கப் பைக்குள் விட்டாள். இடது கையை இடப்பக்கப் பைக்குள் விட்டாள்.

"கை பையில இருக்கு மொதலாளி" என்றாள்.

"எடு."

"எடுக்க மாட்டேன்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வரிசையின் கடைசிவரைக்கும் கேட்டது. ரோஸ்லெட் கையைப் பைக்குள் விட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் விட்டாள். உடைப்புக்காரிகள், தொலி உரிக்கிறவர்கள், தரம் பிரிக்கிறவர்கள், வறுப்புச் சூளையிலிருந்து வந்து புகைநாற்றத்தோடு நின்றவர்கள், வரிசை நெடுக ஒவ்வொருத்தியாகக் கையை உள்ளே விட, ஒரு கறுத்த கைகூட வெளியே தெரியாமல், அத்தனை பெண்களும் தோளைப் பின்னுக்குத் தள்ளி நின்றார்கள்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. "அப்ப ஒருத்தியும் வெளிய போவாண்டாம். விடியவரைக்கும் நில்லுங்க" என்றார். மதிலுக்கு வெளியே புருஷன்மாரும் பிள்ளைகளும் வந்து கூடுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு சின்னப்பிள்ளை அம்மையைக் கூப்பிட்டு அழுதது. வரிசை அசையவில்லை. கொஞ்சநேரம் பார்த்த முதலாளி, பொறுக்கமாட்டாமல் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். தான் வெளியே போய்விட்டு, இவர்களை உள்ளே வைத்துப் பூட்டுகிற எண்ணம்.

எப்சிபாய் போய்க் கேட்டுக்கு முன்னால் நின்றாள்.

"மாறு, வழிய விடு" என்றார்.

"போர்டுல என்ன எழுதியிருக்கு மொதலாளி? 'வாசலைக் கடக்கும் அனைவரும் சோதனைக்கு உட்பட வேண்டும்.' நீங்க சொல்லித்தான எழுதிப் போட்டது. நான் சோதனைக்காரி. எனக்கு இதுக்குத்தான் சம்பளம்." கைகள் இரண்டையும் பையிலிருந்து எடுத்தாள். வெளுத்த, பழகிய, எந்த மடிப்பையும் தப்பவிடாத கைகள். "வாங்க. நாலு பை இருக்கு ஒங்களுக்கு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. பொறவு துணிய கழத்தணும். கொட்டகை அங்க இருக்கு. மேனேஜர் நின்னு பாக்கட்டு. ஆணுக்கு ஆண்தான, என்ன?"

மேனேஜர் வில்சன் தரையைப் பார்த்தார்.

அவள் ஓரடி முன்னால் வைத்தாள். அப்போது ஞானாபரணம் முதலாளி ஒரு காரியம் செய்தார், தான் செய்கிறோம் என்று தெரியாமலே செய்தார். ஒரு கையை மார்புமேல் குறுக்காக வைத்து மேல்பைகளை மூடினார், மறு கையால் சட்டையின் கீழ்ப்பக்கத்தை இறுக்கிப் பிடித்தார், உடம்பைத் திருப்பித் தோளைக் கொடுத்து, மதிலைப் பார்த்து நின்றார். ஓலைத்தட்டிக்குள் வருகிற பெண்கள் எல்லாரும் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் அப்படித்தான் நின்றார்கள். எப்சிபாயின் கைகளுக்கு அது தெரியும். வந்தது சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. முதலாளிக்காக வந்ததில்லை அது.

வரிசையிலிருந்து தாசம்மை, "பருப்பு இருக்கும்டி, நல்லாப் பாரு" என்றாள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி சிரித்தாள். மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு என்ன ஏது என்று தெரியாது, உள்ளே இத்தனை பெண்கள் சேர்ந்து சிரிப்பதை மருதவிளை அதுவரைக்கும் கேட்டதே இல்லை.

முதலாளி சோதனைக்கு உட்படவில்லை. சாவியைத் தரையில் போட்டார். எப்சிபாய் குனிந்து எடுத்து, கேட்டை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தாள். பெண்கள் வரிசை கலையாமல், கையை எடுக்காமல், அவரைத் தாண்டி வெளியே நடந்தார்கள். அவருடைய நாலு பையிலும் என்ன இருந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவரைத் தேடி வந்த மனைவி கிரேஸ்பாய் பட்டுச்சேலைப் பையில் கையைவிட்டுக்கொண்டு வேலியோரமாக நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். அவளிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதலாளி ஆபீஸைப் பூட்டினார். பூட்டிய ஆபீஸில் வறுத்த கொட்டை குவிந்து நமத்தது. பெண்கள் தினமும் சங்கு நேரத்துக்கு வந்து, கையைப் பையில் விட்டுக்கொண்டு வாசலில் நின்று, சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். வெறும் மரச்சீனிக்கிழங்கைத் தின்று நின்றார்கள். சின்னப்பிள்ளைகள் இருந்த வீடுகளில் அது லேசாக இல்லை. ரோஸ்லெட்டை அவள் மாமியார் வைதாள், போய் முதலாளி காலில் விழு என்றாள், அவள் விழவில்லை. ஈஸ்டர் நெருங்கியபோது ஆபீஸ் திறந்தது. ஓலைத்தட்டியும் இல்லை, தகரக்கொட்டகையும் இல்லை, போர்டும் இல்லை. யாரும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

எப்சிபாய்க்கும் வேலை இல்லை. சோதிக்கிறவளுக்கு இனி என்ன வேலை? அவள் உடைப்புக்கொட்டகை வாசலில் போய் நின்றாள். உள்ளே தட்டுகிற சத்தம் நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் கேட்டைத் திறந்தது உண்மை, அதற்கு முந்திய எல்லா நாட்களிலும் கையை விட்டதும் உண்மை, இரண்டில் எதையும் அவர்கள் மறக்கப்போவதில்லை. தாசம்மை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கட்டையைக் காலால் இந்தப்பக்கம் தள்ளினாள்.

"சாம்பல நல்லா பெரட்டிக்கோ. இல்லண்ணா தொலி உரியும்" என்றாள்.

முதல்நாளே உரிந்தது. கஞ்சியைக் கலக்க முடியாமல் கை எரிந்தது. செல்லையன் தேங்காயெண்ணெய் தடவிவிட்டான். கொல்லாம்பழம் சிவந்து உதிர்கிற காலத்துக்குள் அந்தக் கை உள்ளங்கை தொட்டு நகக்கண்வரை கறுத்துவிட்டது. கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லெட் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, அவள் பக்கத்துக் காலியிடத்தில் உட்கார்ந்தாள்.

அப்புறம் ஒருநாள் கறுப்புக் கார் ஒன்று எப்சிபாயின் வீட்டைத் தேடி வந்தது. கிழக்கே, மலைக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு பெரிய அண்டி ஆபீஸின் முதலாளி. மருதவிளையில் நடந்ததெல்லாம் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வேலை தெரிந்த சோதனைக்காரி ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காரைவிட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கிப் பேசினார்.

"எங்க ஊருல இந்தப் பை கிய்யி ஒண்ணும் கெடையாது. எல்லாம் ஒழுங்கா இருக்கு. நீ வா. இருக்க வீடு தாறேன். அங்க உள்ளவளுகளுக்குச் சரியா சோதிக்கத் தெரியல்ல."

எப்சிபாய் அப்போது மத்தியானக் கஞ்சிக்காக அண்டி ஆபீஸிலிருந்து வந்து நின்ற நேரம். கறுத்த கைகளைப் பார்த்தாள். பிறகு அவற்றைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தோளைப் பின்னுக்குத் தள்ளி, காரை நன்றாகப் பார்த்து நின்றாள்.

"வாறேன்" என்றாள். "ஆனா நான் தனியா வரமாட்டேன் மொதலாளி. இதுவும் எங்கூட வரும்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், கை இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். வழியில் எங்கேயும் நிறுத்தவேண்டாம் என்றும் சொன்னார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டி, ஆற்றுப்பாலத்தைத் தாண்டி, மலையைச் சுற்றிக்கொண்டு அவருடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே சங்கு ஊதி முடிந்து, பெண்கள் சாயங்கால வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கையும் வெளியே இல்லை.